கல்யாணம் எந்த ஊரில்? சீன, அமெரிக்க ஜோடிகளின் கதை

பி.காம் படிக்கிற யாருக்கும் பக்வான்தாஸ், கிர்தாரிலால் வழக்கு மறந்திருக்காது. போனிலேயே பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வியாபாரம் பேசினார்கள். ஒருவர் அகமதாபாத்தில், இன்னொருவர் காம்காவ் என்ற ஊரில். சரக்கு வரவில்லை, வழக்கு வந்தது. ஒப்பந்தம் எந்த ஊரில் ஏற்பட்டது என்பதுதான் சண்டையே. சம்மதம் எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊரில்தான் என்று 1965-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படித்தால் தூக்கம் வருகிற பாடம். ஊர் எதுவாக இருந்தால் என்ன, புண்ணாக்கு புண்ணாக்குதானே என்று தோன்றும்.

புண்ணாக்குக்குப் பதிலாக அங்கே கல்யாணத்தை வைத்துப் பாருங்கள். ஒருவர் சீனர், இன்னொருவர் அமெரிக்கர். கல்யாணம் எங்கே செய்துகொள்வது? இன்று இதைக் கேட்டால் மண்டபம், சாப்பாடு, யார் வீட்டு உறவினர் விமானம் ஏறுவது என்றுதான் பேச்சு போகும். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னவர்கள், ஆயுள் முழுக்கத் தனித்தனிக் கண்டத்தில் வாழ்ந்தார்கள்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கல்யாணச் சட்டம் அந்தந்த மாநிலத்தின் கையில். யார் நாட்டுக்குள் வரலாம், யார் குடிமகன் ஆகலாம் என்பது மத்திய அரசின் கையில். ஒரு ஜோடி இந்த இரண்டு கவுண்டரிலும் பாஸ் ஆக வேண்டும். ஒன்றில் முத்திரை குத்திவிட்டார்கள் என்பதற்காக இன்னொன்றில் குத்திவிட மாட்டார்கள்.

சட்டம் குறுக்கே வராத ஊரும் இருந்தது. யுங் விங் என்ற சீனர் 1854-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய முதல் சீனர் என்று இவரைத்தான் சொல்வார்கள். 1852-லேயே அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்டார். 1875-ல் கனெக்டிகட் மாநிலத்தில் மேரி கெல்லாக் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். அந்த மாநிலத்தில் தடை ஏதும் கிடையாது. பாதிரியார் வந்தார், கல்யாணம் நடந்தது, இரண்டு பையன்கள் பிறந்தார்கள். முதல் கவுண்டர் பாஸ். இரண்டாவது கவுண்டர் 1898-ல் கையை விரித்தது: சீனர்கள் குடியுரிமை பெற முடியாது, ஆகவே 46 வருஷத்துக்கு முன் கொடுத்ததும் செல்லாது. மேரி 1886-லேயே இறந்துவிட்டார். பையனின் பட்டமளிப்பு விழாவைப் பார்க்க, ஒரு காலத்தில் தன் நாடாக இருந்த நாட்டுக்குள் யுங் விங் வெளிநாட்டுக்காரராக வந்தார்.

ஆனால் பெரும்பாலான சீனர்கள் இருந்தது கனெக்டிகட்டில் இல்லை, மேற்குக் கரையில். அங்கே கதையே வேறு. நெவாடா 1861-லும் ஆரிகன் 1866-லும் சீனர், வெள்ளையர் திருமணத்தைத் தடுத்துவிட்டன. கலிஃபோர்னியாதான் சுவாரசியம். அங்கே சிவில் சட்டத் தொகுப்பு வந்தது 1872-ல் (நம்மைப் பாடாய்ப் படுத்தும் ஒப்பந்தச் சட்டம் வந்த அதே வருஷம்!). திருமணம் என்பது ஒரு சிவில் ஒப்பந்தத்திலிருந்து பிறக்கும் உறவு என்று அதிலேயே எழுதினார்கள். 60-வது பிரிவில், வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் நடக்கும் திருமணம் செல்லாது என்றார்கள். சீனர் பேச்சு அப்போது இல்லை. 1880-ல் 69-வது பிரிவில் கை வைத்து, வெள்ளையர் "மங்கோலியரை" மணக்க லைசென்ஸ் தரக் கூடாது என்று சேர்த்தார்கள். மங்கோலியர் என்றால் செங்கிஸ்கான் வம்சம் இல்லை. சீனர், ஜப்பானியர் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டி அன்றைய சட்டம் வைத்த பெயர். 60-வது பிரிவில் அதே வார்த்தை ஏறியது 1905-ல்தான். நடுவில் 25 வருஷம் லைசென்ஸும் கிடையாது, செல்லாது என்று தெளிவான வரியும் கிடையாது. அரைகுறை நிலை.

இந்த அரைகுறைக் காலத்தில்தான் சாக்ரமென்டோ ஊரில் ஃபாங் சீ என்ற சீன வியாபாரியும், அவரிடம் வேலைக்கு வந்த லெட்டிசி ப்ரூயெட் என்ற வெள்ளைக்காரப் பெண்ணும் காதலித்தார்கள். லைசென்ஸ் கேட்டால் கிடைக்காது. 1897-ல் இருவரும் ஒரு வக்கீலிடம் போய், இரண்டு தனிநபர்களுக்கு இடையே போடும் ஒப்பந்தமாகத் தங்கள் திருமணத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள், பார்ட்னர்ஷிப் டீட் மாதிரி ஒரு கல்யாணம். வியாபாரிக்கு வேறென்ன தோன்றும் என்று சிரிக்கலாம். ஆனால் திருமணமே ஒரு சிவில் ஒப்பந்தம் என்று சொன்னது கலிஃபோர்னியா சட்டம்தானே? அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார்கள். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் போய்க் கலைப்பொருள் கடை நடத்தினார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். பல வருஷம் கழித்து ஃபாங் சீ சீனாவில் இன்னொரு இளம்பெண்ணை மணக்க, லெட்டிசி பிரிந்தார். இவர்களின் கொள்ளுப்பேத்தி லிசா சீ 1995-ல் இந்தக் குடும்பக் கதையைப் புத்தகமாகவே எழுதினார்.

அதே சட்டத் தொகுப்பில் 63-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. கலிஃபோர்னியாவுக்கு வெளியே நடந்த திருமணம், நடந்த இடத்துச் சட்டப்படி செல்லுமானால் இங்கேயும் செல்லும் என்றது அது. அதாவது முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வசதி இருந்தவர்கள் ரயிலிலோ கப்பலிலோ போய்க் கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்பினார்கள். தடைச் சட்டம் இல்லாத நியூ மெக்சிகோ, வாஷிங்டன், தெற்கே எல்லை தாண்டினால் மெக்சிகோ நாடு. கப்பலுக்கும் ரயிலுக்கும் காசு இல்லாதவர்களுக்கு 63-வது பிரிவால் என்ன பிரயோஜனம்?

இந்தக் கதவு வழியாகப் போனவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் டை லியுங். 1887-ல் சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வீட்டில் ஏற்பாடு செய்த கல்யாணத்திலிருந்து தப்பித்து ஒரு கிறிஸ்தவ மிஷன் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார். 1910-ல் சீனக் குடியேறிகளை விசாரிப்பதற்காக ஏஞ்சல் தீவில் நிலையம் திறந்தபோது, அங்கே மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. 1912-ல் கலிஃபோர்னியாவில் ஓட்டுப் போட்டார். அமெரிக்கத் தேர்தலில் ஓட்டுப் போட்ட முதல் சீனப் பெண் என்று பத்திரிகைகள் எழுதின. அதே தீவில் சார்லஸ் ஷுல்ட்ஸ் என்ற வெள்ளைக்காரக் குடியேற்ற ஆய்வாளர் இருந்தார். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. அவர் வீட்டிலும் சம்மதம் இல்லை, இவர் பக்கத்திலும் இல்லை. (இந்த இடம் மட்டும் நமக்கு விளக்கமே தேவையில்லை.)

கலிஃபோர்னியாவில் முடியாது. வடக்கே ஆரிகனில் முடியாது. ஆரிகனின் போர்ட்லண்ட் நகரத்தை ஒட்டி கொலம்பியா ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அக்கரை வாஷிங்டன் மாநிலம். அங்கே இருந்த பழைய தடைச் சட்டத்தை 1868-லேயே நீக்கிவிட்டார்கள். அக்கரை ஊரின் பெயர் வான்கூவர் (கனடா வான்கூவர் இல்லை, இது வேறு). 1913-ல் டை லியுங்கும் சார்லஸும் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் கடந்து அந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார்கள். கல்யாணம் செல்லுபடியானது, இருவரின் அரசாங்க வேலையும் போனது. அவர் பிறகு ரயில்வே கம்பெனியில் வேலை பார்த்தார், இவர் சைனாடவுன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். நான்கு பிள்ளைகள். ஓட்டுப் போட்டபோது பாராட்டிய ஊர், கல்யாணத்துக்கு மட்டும் ஆற்றைத் தாண்டிப் போகச் சொன்னது.

இதுவரை சொன்னது முதல் கவுண்டர். இரண்டாவதுதான் இன்னும் கொடுமை.

1882-ல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. கூலித் தொழிலாளிகள் வரக் கூடாது. வியாபாரிகள், மாணவர்கள், ஆசிரியர்கள், பயணிகள் வரலாம். அதற்கு முன்பே 1875-ல் வந்த பேஜ் சட்டம், நடத்தையைச் சோதிக்கிறேன் என்ற பெயரில் சீனப் பெண்களின் வரவைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. 1890 கணக்கெடுப்பில் அமெரிக்காவிலிருந்த சீனர்களில் 100 பெண்களுக்கு ஏறத்தாழ 2,680 ஆண்கள். உள்ளூரில் சீனப் பெண் இல்லை, வெள்ளைக்காரப் பெண்ணை மணக்க லைசென்ஸ் இல்லை. அப்புறம் என்ன வழி? கப்பலேறி குவாங்டாங் மாகாணத்துச் சொந்த கிராமத்துக்குப் போய் மணந்துவிட்டு, மனைவியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்து மாதாமாதம் பணம் அனுப்புவது.

அமெரிக்காவில் பிறந்த சீனர்களுக்கும் இதே கதிதான். அமெரிக்க மண்ணில் பிறந்தால் குடிமகன் என்ற தீர்ப்பை 1898-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கியவர் வாங் கிம் ஆர்க். சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். குடியுரிமை சம்பந்தமான எந்தக் கட்டுரையிலும் இவர் பெயர் இருக்கும். அவர் மனைவி தைஷானில் ஒரு கிராமத்தில் இருந்தார். அமெரிக்காவுக்கு வரவே இல்லை. 1910-ல் மூத்த மகனைக் கூட்டிவரப் பார்த்தார், அதிகாரிகள் மகன் என்று நம்பாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இளைய மகன்கள் பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நாட்டின் மிகப் புகழ்பெற்ற குடிமகன்களில் ஒருவருக்கு மனைவியோடு ஒரு வீட்டில் வாழ வழியில்லை. 1931-ல் அவரே சீனாவுக்குப் போய்விட்டார், திரும்பவில்லை.

நம்பவில்லை என்றேனே, அதற்கும் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. அந்தக் காலச் சீனாவில் கல்யாணத்தை அரசாங்கத்தில் பதிவு செய்யும் வழக்கம் இல்லை. 1931-ல் அமலுக்கு வந்த சீனக் குடியரசின் சிவில் சட்டம்கூட, எல்லோர் முன்னிலையில் ஒரு சடங்கு, இரண்டு சாட்சிகள் இருந்தால் போதும் என்றுதான் சொன்னது. ஊருக்கே தெரிந்த கல்யாணம், ஆனால் காட்டக் காகிதம் இல்லை. ஏஞ்சல் தீவில் கணவனையும் மனைவியையும் தனித்தனியே உட்கார வைத்து வீட்டில் எத்தனை ஜன்னல், கிணறு எந்தப் பக்கம் என்ற ரகத்தில் கேள்வி கேட்பார்கள். பதில் ஒத்துப்போக வேண்டும்.

1924-ல் புதிய குடியேற்றச் சட்டம். குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவர் குடியேறவே கூடாது என்றது. (1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.) அந்தக் கோடையில் கப்பலில் வந்து இறங்கிய சீன மனைவிகள் கரையிலேயே தடுக்கப்பட, இரண்டு வழக்குகள் உச்ச நீதிமன்றம் போயின. இரண்டுக்கும் ஒரே நாளில், 1925 மே 25 அன்று தீர்ப்பு. முதல் வழக்கு சீன வியாபாரிகளின் மனைவிகள் பற்றியது. 1880-ல் சீனாவோடு போட்ட ஒப்பந்தம் வியாபாரிகளைப் பாதுகாக்கிறது, ஆகவே மனைவிகள் வரலாம். இரண்டாவது, அமெரிக்கக் குடிமகன்களான சீனர்களின் மனைவிகள் பற்றியது. சட்டத்தில் அவர்களுக்கு விலக்கு எழுதப்படவில்லை, ஆகவே வரக் கூடாது!

வெளிநாட்டுக்காரன் கடை வைத்திருந்தால் மனைவி வரலாம். உள்நாட்டுக் குடிமகன் மனைவியைக் கூட்டி வர முடியாது. வணிகவியல் மாணவனாக நான் பெருமைப்பட வேண்டிய தீர்ப்பு இது என்று யாராவது சொன்னால் அடிக்க வருவேன். 1930-ல் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்: 1924 மே 26-க்கு முன் மணந்திருந்தால் குடிமகனின் மனைவி வரலாம். ஊர் மட்டும் போதாது, தேதியும் சரியாக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது.

பெண் அமெரிக்கராகவும் ஆண் சீனராகவும் இருந்தால்? எந்த ஊரில் கட்டினாலும் அபராதம் உண்டு. 1907 சட்டப்படி வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் குடியுரிமை இழந்தார். 1922-ல் கேபிள் சட்டம் அதைப் பெருமளவு மாற்றியது, ஆனால் "குடியுரிமை பெறத் தகுதியற்ற" ஆணை மணந்தால் மட்டும் பழைய தண்டனை தொடரும் என்றது. 1931-ல்தான் அது போனது. (வங்காளத்துச் சுதந்திரப் போராட்டக்காரர் தாரக்நாத் தாஸை மணந்த மேரி என்ற அமெரிக்கப் பெண்ணுக்கும் இதே கதி நேர்ந்தது.)

ஒரே ஒரு முறை இந்தக் குளறுபடி ஒருவரைக் காப்பாற்றியிருக்கிறது. எமிலி ஹான் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1935-ல் ஷாங்காய் போனார். அங்கே ஷாவ் ஷுன்மெய் என்ற கவிஞரோடு காதல். அவருக்கு ஏற்கெனவே மனைவியும் பிள்ளைகளும் உண்டு. 1937-ல் ஜப்பானியப் படை வந்தபோது கவிஞரின் அச்சு இயந்திரம் ஆக்கிரமித்த பகுதியில் மாட்டிக்கொண்டது. அது அமெரிக்கர் சொத்து என்று காட்டி மீட்பதற்காக, சீன வழக்கப்படி நான் இவர் மனைவி என்று ஒரு காகிதத்தில் எமிலி கையெழுத்துப் போட்டார். 1941 டிசம்பரில் ஹாங்காங் ஜப்பானியரிடம் விழுந்தது. அங்கிருந்த அமெரிக்கர்களை முகாமில் அடைத்தார்கள். எமிலி அந்தப் பழைய உறவைச் சொல்லி, நான் சீனரின் மனைவி என்று வெளியே இருந்துகொண்டார். அச்சு இயந்திரத்துக்காகச் செய்த கல்யாணம்!

ஜேம்ஸ் வாங் ஹௌ பற்றிச் சினிமா ஆர்வலர்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு முறை ஆஸ்கர் வாங்கிய ஹாலிவுட் ஒளிப்பதிவாளர், சீனாவில் பிறந்தவர். 1937-ல் பாரிஸ் போய் சனோரா பாப் என்ற எழுத்தாளரை மணந்தார். 63-வது பிரிவைப் படித்தால் பாரிஸ் கல்யாணம் அவர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆனால் ஸ்டுடியோ ஒப்பந்தங்களில் ஒழுக்க விதி என்று ஒன்று இருந்தது. ஊர் பேசினால் வேலைக்கு ஆபத்து. எனவே ஒரே கட்டடத்தில் தனித்தனி ஃப்ளாட்டில் வருஷக்கணக்கில் இருந்தார்கள். காகிதம் செல்லும், கணவன் மனைவி என்று வெளியே சொல்ல முடியாது. 1948 அக்டோபர் 1-ல் பெரெஸ் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தடையை ரத்து செய்தது. மயிரிழை. அதன் பிறகு 1949-ல் இருவரும் கலிஃபோர்னியாவிலேயே மறுபடி மணந்துகொண்டார்கள். நாடு முழுவதற்கும் 1967-ல் லவிங் வழக்கு.

இரண்டாவது கவுண்டர் திறந்தது போரினால். சீனா கூட்டாளி நாடு ஆனதால் 1943-ல் விலக்குச் சட்டத்தை நீக்கினார்கள். சீனர்களுக்கான ஒதுக்கீடு வருஷத்துக்கு 105 பேர்! (ஒரு கல்லூரி வகுப்பு நிரம்பாது.) 1945 டிசம்பரில் போர்வீரர் மனைவியர் சட்டம், 1946-ல் குடிமகன்களின் சீன மனைவிகள் எல்லோருக்கும் ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு. ராணுவத்தில் இருந்த சீன அமெரிக்கர்கள் கிராமத்துக்கு ஓடினார்கள். போர்வீரர் சட்டத்தின் கெடு 1948 டிசம்பரோடு முடிந்ததால் பெண் பார்ப்பது, கல்யாணம், விசா எல்லாம் ஒரே லீவில். ஆயிரக்கணக்கான பெண்கள் வந்தார்கள்.

மறுவருஷமே சீனாவில் ஆட்சி மாறி அந்தக் கதவும் சாத்தியது. 1979 ஜனவரி 1 வரை இரு நாட்டுக்கும் முறையான உறவே இல்லை. 1983-ல்தான் வெளிநாட்டவரை மணப்பதற்குச் சீனா தனி விதி போட்டது. ராணுவத்தினர், தூதரக ஊழியர், போலீஸ், ரகசியம் தெரிந்த பதவியில் இருப்பவர்கள் வெளிநாட்டவரை மணக்கக் கூடாது என்று அதில் ஒரு பட்டியலே உண்டு. 2003 அக்டோபரில் புதிய பதிவு விதிகள் வந்து அது போனது.

இன்று ஒரு ஜோடி கணக்குப் போட்டால் இப்படி இருக்கும். அமெரிக்காவில் மணப்பதென்றால் 1970-ல் வந்த கே-1 விசா. நிச்சயித்தவரை முதலில் வரவழைத்து 90 நாளுக்குள் மணக்க வேண்டும். சேர்ந்திருக்கலாம், ஆனால் நிரந்தரக் குடியிருப்புக்கு அங்கே போய் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். சீனாவில் மணந்தால் கையில் சிவப்புப் புத்தகம், பிறகு கணவன் மனைவி விசா. வரும்போதே கிரீன் கார்டுத் தகுதியோடு வரலாம், ஆனால் அதுவரை கல்யாணமானவர்கள் ஆளுக்கொரு நாட்டில் காத்திருக்க வேண்டும். சீனச் சட்டப்படி ஆணுக்கு 22, பெண்ணுக்கு 20 வயது ஆகியிருக்கவும் வேண்டும். அமெரிக்கர் தனக்குக் கல்யாணமாகவில்லை என்று சான்றிதழ் தர வேண்டும். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான திருமணப் பதிவேடே கிடையாது, யார் தருவார்கள்? தானே சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பதுதான். 2023 நவம்பர் 7 முதல் சீனா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்ததால், அந்தக் காகிதத்தைச் சீனத் தூதரகத்தில் காட்டி முத்திரை வாங்கும் அலைச்சல் குறைந்திருக்கிறது.

இப்போது மூன்றாவது ஊரும் வந்துவிட்டது. 2020-லிருந்து யூட்டா மாநிலத்தின் யூட்டா கவுண்டி, வீடியோ அழைப்பிலேயே திருமணம் செய்து வைக்கிறது. மணமகள் ஷாங்காயில், மணமகன் சிகாகோவில் இருந்தாலும் கல்யாணம் நடந்த இடம் யூட்டா! பக்வான்தாஸ் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் விசா அதிகாரி இதில் உஷார்: அப்படி மணந்தவர்கள் அதன் பிறகு நேரில் சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான் குடியேற்றச் சட்டம் கணவன் மனைவி என்று ஏற்கும்.

2011 ஏப்ரல் முதல் அமலில் உள்ள சீனச் சட்டம், நடந்த இடத்துச் சட்டப்படி செல்லும் திருமணத்தை முறை சார்ந்த அளவில் ஏற்கிறது. கலிஃபோர்னியாவின் பழைய 63-வது பிரிவு மாதிரியே. ஒரு விஷயத்தில்தான் ஊர் இன்னும் உதைக்கும். சீனாவில் பதிவு செய்த ஜோடி பிரிய நினைத்தால், இருவரும் ஒத்துக்கொள்ளும் பட்சத்தில், சிவில் விவகார அலுவலகத்துக்கே போய் 30 நாள் பொறுத்திருந்து கையெழுத்துப் போட்டுவிடலாம். கல்யாணம் வெளிநாட்டில் பதிவாகியிருந்தால் அந்த அலுவலகம் வாங்காது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கல்யாணத்துக்கு ஊர் பார்க்கும்போது மண்டப வாடகையை விசாரிக்கிறவர்கள், இதையும் ஒரு வார்த்தை விசாரித்து வைத்துக்கொள்ளலாம் :-)